சிறைக்கைதிகளை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பார்கள்?

அமெரிக்காவில் தொகுதி எல்லை வரையும்போது கைதிகளை எந்த ஊர்க்காரர்களாக எண்ணுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிறை இருக்கும் ஊரில்தான். பெரும்பாலும் உண்டு உறங்கும் இடமே வசிப்பிடம் என்பது விதி. ஆனால் மெய்ன், வெர்மான்ட் போன்ற சில இடங்கள் தவிர, கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது. அதாவது தலை எண்ணிக்கைக்கு மட்டும் ஆள்!

அயோவாவின் அனமோசா ஊரைப் பாருங்கள். அங்கே ஒரு வார்டில் சுமார் 1,400 பேர். அதில் ஏறக்குறைய 1,300 பேர் கைதிகள். 2005-ல் அந்த வார்டில் ஒருவர் இரண்டே ஓட்டில் கவுன்சிலர் ஆனார். அவர் வேட்பாளராகக்கூட நிற்கவில்லை. வாக்குச்சீட்டில் பெயரை எழுதிப் போட்டுவிட்டார்கள். அப்புறம் அந்த ஊர் வார்டு முறையையே கைவிட்டது.

மேரிலாந்து, நியூயார்க் மாநிலங்கள் 2010-ல் சட்டம் போட்டு, கைதிகளைச் சொந்த ஊர்க் கணக்குக்கு மாற்றின. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.