நடக்காத பயிற்சிக்குக் கையொப்பமிட்ட தாதி

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தில் அரசாங்க வைத்தியசாலையொன்றின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதி உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். எலும்பு முறிவுச் சிகிச்சையில், சத்திரசிகிச்சை நடக்கும்போதே எலும்பைத் திரையில் காட்டும் சீ-ஆர்ம் எக்ஸ்ரே இயங்கும்போது எங்களுக்கு ஈயக் கவசமும் இல்லை, கதிர்வீச்சைப் பதியும் பேட்ஜும் இல்லை, கேட்டால் ஏளனம். இப்போது எனக்குத் தைரொய்ட் கட்டி. சென்ற மாதம், நடக்காத பாதுகாப்புப் பயிற்சியொன்றின் முன்திகதியிட்ட வரவேட்டில் எல்லோருடனும் நானும் கையொப்பமிட்டேன். நட்டஈடு கிடைக்குமா?

பதில்: ஏளனத்துக்கு நட்டஈடு இல்லை, அதை விடுங்கள். உங்கள் கழுத்து எவ்வளவு கதிர்வீச்சை ஏற்றது, கட்டி அதனால்தான் வந்ததா என்பதே வழக்கு. பேட்ஜ் தராதது தவறுதான். ஆனால் அத்தவறினால் நோய் வந்தது என்பதை நீங்கள் தனியாக நிரூபிக்க வேண்டும். தொழிலாளருக்கான சர்வதேச எல்லை ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு). அதைத் தாண்டினீர்கள் என்று காட்ட உங்களிடம் ஓர் அளவீடுகூட இல்லை. தைரொய்ட் கட்டியோ, எக்ஸ்ரே அறைப் பக்கமே போகாத பெண்களிடமும் சாதாரணமாகக் காணப்படுவது.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது அந்தக் கையொப்பம். இதில்தான் கட்சிக்காரர்கள் மீள முடியாமல் அகப்படுகிறார்கள். குறுக்கு விசாரணையில் வரவேட்டை நீட்டி, "இது உங்கள் கையெழுத்தா?" என்று மட்டுமே கேட்பார்கள். ஆம் என்றால், விலகி நிற்கவும் கவசம் கோரவும் அறிந்திருந்தும் அலட்சியமாக இருந்தவர் ஆவீர்கள். பயிற்சி நடக்கவில்லை என்றால், பொய்ப் பதிவுக்குத் துணைபோன அரச ஊழியர் ஆவீர்கள், ஒழுக்காற்று விசாரணை உங்கள் மீதே திரும்பும். கூடக் கையொப்பமிட்டவர்கள் உங்களுக்காகச் சாட்சி சொல்வார்கள் என்று நம்பாதீர்கள். அவர்களுக்கும் அதே கத்தி. ஆகவே அந்த வரவேடு தவறென்று நிர்வாகத்துக்குத் திருத்தக் கடிதம் எழுதினால், சட்டத்தரணி பார்க்காமல் அனுப்ப வேண்டாம். முகப்புத்தகத்திலும் எழுத வேண்டாம். ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பது பற்றித் அரச ஊழியருக்கான சேவை விதிகளான தாபன விதிக்கோவை சொல்வதை நிர்வாகம் நன்றாகவே அறியும். நோயாளர் பெயருள்ள பதிவேடுகளைப் படம் எடுப்பதும் வேண்டாம். கடமை அட்டவணையையும் பேட்ஜ் விநியோக விபரத்தையும் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள்.

வழக்கே வேண்டுமென்றால், இத்தகைய நட்டஈட்டு வழக்குக்குக் காலாவதி, அதாவது வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடு, இரண்டு ஆண்டுகள். சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் வேண்டும். ஆனால் நான் சொல்வது சமரசம். பேட்ஜ், கழுத்துக் கவசம், உண்மையான பயிற்சி, விரும்பினால் வேறு பிரிவுக்கு மாற்றம் ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். மறுத்தால் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஒழுங்குபடுத்தல் சபைக்கு முறையிடலாம். எக்ஸ்ரே இயந்திரத்துக்கான உரிமம் அதன் கையில் இருக்கிறது. "இனி எக்கோரிக்கையும் இல்லை" என்ற வரியுடன் எதையாவது நீட்டினால், பேனாவை எடுக்காமல் தாளின் பிரதியை மட்டும் வாங்கி வாருங்கள்.