கண்ணாடிக் கால்களா?

கேள்வி: லாட்வியாவின் கூடைப்பந்து வீரர் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை ஏன் இவ்வளவு தூக்கிவைத்து எழுதுகிறீர்கள்? கண்ணாடிக் கால்காரர். பாதி நாள் சிகிச்சை, மீதி நாள் பெஞ்ச். எந்த அணியிலும் நிலைக்கவில்லை. இவரெல்லாம் பெரிய ஆட்டக்காரரா?

பதில்: பெரிய ஆட்டக்காரர்தான். எத்தனை முறை அடிபட்டார் என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள், சரி. ஒவ்வொரு முறையும் எந்த நிலையிலிருந்து திரும்பி வந்தார் என்று பார்த்தீர்களா?

லியெபாயா என்ற கடலோர ஊரில் பிறந்தவர். பதினைந்து வயதில் ஸ்பெயினின் செவில்லாவுக்கு ஆடப் போனார். மொழி தெரியாது, உடம்பில் ரத்தசோகை. 2015-ல் என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் புதுமுகத் தேர்வில் நியூயார்க் நிக்ஸ் அணி நான்காவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தபோது அந்த அணியின் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். ஒரு சிறுவன் அழுததை டிவியில் காட்டினார்கள். முதல் சீசனிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 14 புள்ளி எடுத்து அந்த ரசிகர்களைத் தன் பக்கம் இழுத்தார்.

2018 பிப்ரவரியில் எதிரணி வீரர் யானிஸ் அண்டெடோகும்போவின் தலைக்கு மேலே பந்தை வளையத்துக்குள் அடித்துவிட்டுத் தரையில் இறங்கியபோது இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. ஏழடிக்கு மேல் வளர்ந்த உடம்பின் பாரம் முழுக்க அந்த ஒற்றைக் காலில். இருபது மாதம் ஆடவில்லை. கண்ணாடி என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். இவ்வளவு உயரமானவர் இவ்வளவு வேகமாக ஓடிக் குதித்தால் மூட்டு என்ன பாடுபடும்!

அணி மாறியதையும் குற்றமாகச் சொல்கிறீர்கள். நியூயார்க்கில் நிர்வாகத்தோடு ஒத்துப்போகவில்லை. அதில் அவர் பக்கமும் தவறு இருக்கலாம். ஆனால் என்பிஏ-வில் வீரர்களை மாற்றிக்கொள்வது அணிகளின் கையில். பின்னாளில் அவர் ஆடிய பாஸ்டன் அணி அவரை அட்லாண்டா அணிக்கு அனுப்பியது சம்பளச் செலவைக் குறைக்கத்தான்.

அதே பாஸ்டனுக்காக 2024 இறுதிப் போட்டித் தொடரில் அவர் ஆடியதை என்னால் மறக்க முடியாது. கெண்டைக்கால் காயத்தால் ஐந்து வாரத்துக்கு மேல் ஆடாதவர், முதல் ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். எதிரணி, அவர் முன்பு ஆடிய டல்லாஸ். 21 நிமிடத்தில் 20 புள்ளி, மூன்று பிளாக் (எதிராளி வளையத்துக்கு எறியும் பந்தைத் தடுப்பது). அடுத்த ஆட்டத்தில் இடது கணுக்கால் பக்கம் தசைநாண் இடம் விலகியது. அந்தக் காயத்தோடே கடைசி ஆட்டத்திலும் இறங்கினார். கோப்பையை வாங்கிய பிறகே அறுவை சிகிச்சைக்குப் போனார். என்பிஏ பட்டம் வென்ற முதல் லாட்வியர் அவர்.

2025-ல் எழுந்து நின்றாலே இதயம் படபடக்கிற நோய் ஒன்று அவருக்கு இருப்பது தெரியவந்தது. அந்தக் கோடையிலேயே ஐரோப்பியக் கோப்பைக்காக ரீகாவில் லாட்விய ஜெர்சியோடு இறங்கினார். லிதுவேனியாவிடம் தோற்று வெளியேறிய ஆட்டத்தில் மட்டும் 34 புள்ளி. அதைத் தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.