பலாவில் கறுத்து உதிர்பவை பிஞ்சுகள்தாமா?

விதை போட்டு வளர்த்த பண்ருட்டிப் பலாவில் பிஞ்சுகள் கறுத்து உதிர்கின்றன, உரக்கடையில் கொடுத்த மருந்தைத் தெளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விரல் நீளத்தில் கறுத்து உதிர்பவை பெரும்பாலும் பிஞ்சுகளே அல்ல. அவை மகரந்தத்தைக் கொட்டி முடித்த ஆண் பூங்கதிர்கள். ஆகவே, அந்த மருந்தை இப்போதைக்குத் தெளிக்க வேண்டாம்.

பலாவில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் ஒரே மரத்தில் தனித்தனிக் கதிர்களாக வருகின்றன. விதைக்கன்று முதன்முதலாகப் பூக்கும்போது ஓரிரு பருவங்களுக்கு ஆண் கதிர்களையே மிகுதியாக விடுவதும், மகரந்தம் உதிர்ந்தபின் அவற்றின்மேல் பூசணம் படர்ந்து அவை கறுத்து விழுவதும் இயல்பு. காய்க்காத மரம் என்று வெட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்; அந்த அவசரம் வேண்டாம்.

உறுதிப்படுத்திக்கொள்ள, விழுந்தவற்றை விட்டு மரத்தில் இருப்பவற்றைப் பாருங்கள். மெல்லிய காம்பில், பெரும்பாலும் கிளை நுனிகளில், ஓரளவு வழவழப்பாக நின்று, விரலால் தட்டினால் மஞ்சள் தூள் உதிர்ப்பது ஆண் கதிர். அடிமரத்திலோ பருத்த கிளையிலோ தடித்த காம்புடன் தோன்றி, காம்பு சேரும் இடத்தில் பச்சை வளையமும் மேலெல்லாம் சொரசொரப்பும் கொண்டதே பெண் கதிர், பழமாவது அதுதான்.

ஆனால் தடித்த காம்புடையவையும் கறுத்து, சாம்பல் நிறப் பூசணம் பூத்து அழுகினால், அது ரைசோபஸ் பூசணத்தால் வரும் காயழுகல் நோய். அப்போது அழுகியவற்றை மரத்திலும் தரையிலும் விடாமல் பொறுக்கி அகற்றிவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூசணக்கொல்லியைக் கலந்து, மழையில்லாத நாளில் தெளிக்கலாம்.