வாசகர் கேள்வி: மாதிரி விமானத்தின் வண்ணத்தை உரிப்பது எப்படி?

கேள்வி: 1941இல் சிங்கப்பூரிலிருந்து பறந்த பஃபலோ போர்விமானத்தின் 1/48 அளவு பிளாஸ்டிக் மாதிரி ஒன்று பள்ளிக்காலம் தொட்டு என்னிடம் இருக்கிறது. அந்நாளில் தூரிகையால் தடிப்பாகப் பூசிய எனாமலின் (எண்ணெய்ப் பிசின் வண்ணம்) மேல் அண்மையில் லேக்கர் வகை பிரைமரை (அடிப்பூச்சு) தெளித்து, அதன்மேல் அக்ரிலிக் வண்ணம் அடித்தேன். பிரைமர் சில இடங்களில் சுருங்கியும் சில இடங்களில் சொரசொரப்பாகவும் போய்விட்டது. ஆணித்தலைகளும் தகட்டுக் கோடுகளும் மேலெழுந்து நிற்கும் பழைய அச்சு என்பதால் தேய்ப்பதற்குத் தயங்குகிறேன். லேக்கர் தின்னரில் ஊறவைக்கலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: வேண்டாம். மாதிரிகளை வார்க்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அசிட்டோன், டொலுவீன் போன்றவை கரைத்துவிடும். லேக்கர் தின்னரில் பெரும்பாலும் இத்தகைய கரைப்பான்களே இருப்பதால், வண்ணம் போவதற்குள் தாங்கள் காக்க நினைக்கும் ஆணித்தலைகள் போய்விடும். அதே பாலிஸ்டைரீனை ஆல்கஹாலும் காரமும் (காஸ்டிக் சோடா போன்றவை) கரைப்பதில்லை. ஆகவே இவ்விரண்டைக் கொண்டே வேலையை முடிக்கப் பார்க்க வேண்டும்.

தங்கள் விமானத்தில் அடுக்குகள் அமைந்திருக்கும் வரிசை ஒருவகையில் நல்லதாகவே வாய்த்திருக்கிறது. பிளாஸ்டிக்கின் மேல் நேரடியாகத் தெளித்த லேக்கர் பிரைமர், தன் கரைப்பானால் மேற்பரப்பைச் சற்றே இளக்கி அதனுள் பற்றிக்கொள்ளும். அதை முழுவதும் எடுப்பது கடினம். தாங்களோ இடையில் எனாமலை வைத்திருக்கிறீர்கள். அந்த எனாமலை பிரைமரின் கரைப்பான் தாக்கியதால்தான் சுருக்கம் விழுந்தது. ஆனால் அதே காரணத்தால் பிரைமரின் பிடி எனாமலின் மேலேயே இருக்கிறது. அடியிலுள்ள எனாமல் விட்டுக்கொடுத்தால் பிரைமரும் அதனோடு ஏடாக எழும்பி வரும். அதைத் தனியே வெல்ல வேண்டியதில்லை.

முதலில் விமானியின் கண்ணாடிக் கூண்டையும் மற்ற ஒளிபுகும் பாகங்களையும் கழற்றிவிடுங்கள். ஆல்கஹால் பட்டால் அவற்றில் மயிரிழை வெடிப்புகள் தோன்றக்கூடும். சூப்பர் குளூவால் ஒட்டியவையும் ஊறலில் கழன்று வரலாம் என்பதால், சிறு பாகங்களுக்கு ஒரு கிண்ணத்தை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. பிறகு, மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, வெளியே தெரியாத ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். அக்ரிலிக் அதற்கே வழிவிடும். மேலடுக்கு நீங்கியபின் 99 விழுக்காட்டு ஆல்கஹாலில் அரை மணி நேரம் ஊறவைத்தால் பிரைமர் இளகத் தொடங்கும். இளகிய இடங்களைப் பழைய பல் தூரிகையாலும் மரப் பல்குச்சியாலும் திறந்துவிடுங்கள். உலோகக் கத்தியைத் தொடவே தொடாதீர்கள்.

திறந்த இடங்கள் வழியே எனாமலை அடைவதற்குக் காரம் வேண்டும். காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள அவன் கிளீனர் (சூட்டடுப்பைச் சுத்தம் செய்யும் திரவம்) என்றால், எனாமலிலுள்ள எண்ணெய்ப் பிசினைச் சோப்பைப் போன்ற பொருளாகச் சிதைத்துவிடும். எல்லா அவன் கிளீனரிலும் அது இருப்பதில்லை, சீட்டைப் படித்து வாங்குங்கள். ரப்பர் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவே பொருத்தமானது. பழைய எனாமல் பிடிவாதமானது. ஓர் இரவு ஊறிய பிறகும் மறுமுறை கேட்கும். அவசரப்பட்டு வெந்நீர் ஊற்றாதீர்கள், இறக்கை வளைந்துவிடும். கோடுகளின் இடுக்கில் எஞ்சும் நிறச்சாயலை அப்படியே விட்டுவிடலாம். அடுத்த பூச்சில் அது தெரியாது. வெறும் நிறத்தைத் துரத்தி ஆணித்தலைகளை இழப்பதில் பொருளில்லை.

டெட்டாலில் ஊறவைக்கலாமே என்று சிலர் எழுதுகிறார்கள். அக்ரிலிக்குக்கு அது உதவும். ஆனால் ஊறிய பாகத்தை உடனே தண்ணீரில் காட்டினால் கழன்ற வண்ணம் பிசுபிசுத்து மீண்டும் ஒட்டிக்கொள்ளும். புதிய டெட்டாலில் தேய்த்து எடுத்த பின்னரே சோப்பு நீர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அந்த வாடையை மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்களா என்பது தங்கள் குடும்பத்தைப் பொறுத்தது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி ஏறத்தாழ 12 பாகை செல்சியசிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். நம் சிங்கப்பூரில் எந்த நேரமும் அதைவிடச் சூடுதான். எரியும் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி ஆகியவற்றுக்கு அருகிலோ, குளிர்சாதனத்துக்காகச் சன்னலை மூடிய அறையிலோ இந்த வேலை ஆகாது. பயன்படுத்திய ஆல்கஹாலைக் காபி வடிதாளில் வடித்தால் மறுபடியும் உதவும். கசடைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஈரமான தாளைக் குப்பைக்குழாயிலும் போடாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் முழுதும் உலர்ந்தபின் கட்டி எறியுங்கள்.

சொரசொரப்புக்கு வருவோம். தொலைவிலிருந்து தெளித்தால் பிரைமர் காற்றிலேயே பாதி உலர்ந்து தூசாக விழுகிறது. ஈரக்காற்றில் வெண்படலமும் சேரும். இங்கே காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் சுமார் 60க்கு இறங்கும். மறுமுறை அந்தப் பிற்பகலுக்குக் காத்திருந்து, எனாமல் சிறிதும் மிச்சமில்லை என்று உறுதிசெய்துகொண்டு தெளியுங்கள்.

கேள்வி: மகனின் கார் மாதிரியில் உள்ள குரோம் பாகங்களின் பளபளப்பை மட்டும் நீக்க வழியுண்டா?
– பொங்கோல் வாசகி

பதில்: அது உண்மையில் குரோமியம் அன்று, பெரும்பாலும் வெற்றிடத்தில் படியவைத்த மிக மெல்லிய அலுமினியம். வீட்டில் துணி வெளுக்கும் பிளீச்சில் போட்டால் பளபளப்பு தானே கரைந்துபோகும். அடியில் பளிச்சென்ற ஒரு பூச்சு தங்கலாம். மேலே வண்ணம் அடிப்பதாக இருந்தால் அது தடையில்லை. பிளீச்சோடு கழிப்பறைத் திரவம், டெட்டால், ஆல்கஹால் எதையும் கலக்க விடாதீர்கள், நச்சு வாயு எழக்கூடும். ஊறவைப்பதையும் கழுவுவதையும் தாங்களே செய்து, பாகங்கள் உலர்ந்த பின் மகனிடம் கொடுங்கள்.