திக்குவாய்க்குக் காரணம் பயமா, மூளையா?

நான்கு வயது மகன் திக்குவதற்கு நீங்கள் அதட்டியதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அந்தக் குற்றவுணர்வை முதலில் இறக்கி வையுங்கள்.

பெற்றோர் ஓயாமல் திருத்துவதால்தான் திக்குவாய் வருகிறது என்ற கருத்தைப் பரப்பியவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெண்டல் ஜான்சன். அதைச் சோதிக்க 1939-இல், நன்றாகப் பேசிய அநாதை இல்லக் குழந்தைகளிடமும் 'நீ திக்குகிறாய்' என்றார்கள். கொடுமையான சோதனை அது. குழந்தைகள் பேசக் கூச்சப்பட்டு ஒடுங்கினார்கள். திக்குவாய் உருவானதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இன்று வலுவாக நிற்பது மரபணு விளக்கம். 2010-இல் அமெரிக்க மரபியலாளர் டென்னிஸ் டிரேனா குழுவினர், பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்து ஜிஎன்பிடிஏபி உள்ளிட்ட மூன்று மரபணுக்களைத் திக்குவாயோடு தொடர்புபடுத்தினார்கள். செல்லில் கழிவைச் சிதைக்கும் லைசோசோமுக்கு நொதிகளை அனுப்புவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு.

அப்புறம் மூளை. பேச்சைத் திட்டமிடும் பகுதியையும் வாயசைவை இயக்கும் பகுதியையும் இணைக்கும் நரம்பிழைகள் இடப்பக்கத்தில் சற்று பலவீனமாக இருப்பதை ஸ்கேன்கள் காட்டுகின்றன. அடுத்த ஒலியை எப்போது தொடங்குவது என்று நேரம் குறிக்கும் அடித்தள நரம்புமுடிச்சுகளும் சந்தேகப் பட்டியலில் உள்ளன. பாடும்போதும், பலரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் திக்கல் பெரும்பாலும் மறைவதற்கு, தாளம் வெளியிலிருந்து கிடைப்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நாக்கில் கோளாறு இல்லை. வசம்பு தேய்த்துப் பயனில்லை.

பதற்றம் திக்கலைக் கூட்டும், உண்மைதான். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். திக்கல் ஆறு மாதம் தாண்டி நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிடுங்கள்.