கிளவுடில் போட்ட லினக்ஸ் விஎம்முக்குள் (மெய்நிகர் கணினிக்குள்) எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி) விடமாட்டேன் என்கிறது. அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?

அழிக்காதீர்கள். முதலில் 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' வந்தது, ஃபயர்வாலில் ஏதோ மாற்றினேன், இப்போது 'பெர்மிஷன் டினைட், பப்ளிக் கீ' வருகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் முக்கால் கிணறு தாண்டியாகிவிட்டது.

டைம்ட் அவுட் என்றால் நீங்கள் அனுப்பியது மெஷினின் வாசலுக்கே போய்ச் சேரவில்லை, சாவி (கீ) பற்றிய பேச்சே அங்கே இல்லை. எஸ்எஸ்எச்சுக்கான போர்ட் 22 திறந்திருக்காது, அல்லது கிளவுடின் உள் நெட்வொர்க்கில் மட்டும் செல்லும், 10-இல் தொடங்கும் பிரைவேட் ஐபி முகவரியைக் கொடுத்திருப்பீர்கள். அந்தப் போர்ட்டை உலகத்துக்கே திறந்துவிடாமல் உங்கள் ஐபிக்கு மட்டும் திறங்கள். ஆனால் வீட்டு ரூட்டரை அணைத்துப் போட்டதும் அந்த ஐபி மாறிப்போய், நேற்றுவரை ஒழுங்காக இருந்தது இன்று மறுபடி டைம் அவுட் ஆகலாம், அப்போது பயந்துவிடாதீர்கள்.

பெர்மிஷன் டினைட் வேறு கதை. நெட்வொர்க் சரி, சர்வர் பதில் பேசுகிறது, உங்களை யாரென்று அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். முதலில் யூசர் பெயரைப் பாருங்கள். நான் ஒருமுறை இரண்டு மணி நேரம் புதுப்புது கீயாக உருவாக்கி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் அது டெபியன் (உபுண்டு போல லினக்ஸில் இன்னொரு வகை) இமேஜ், நான் பழக்கதோஷத்தில் 'உபுண்டு' என்ற பெயரில் கதவைத் தட்டியிருக்கிறேன். அமேசான் கிளவுடில் டெபியனுக்கு 'அட்மின்', அமேசான் லினக்ஸுக்கு 'ஈசி2-யூசர்', உபுண்டுவுக்குத்தான் 'உபுண்டு'. பெயர் தப்பா சாவி தப்பா என்று சர்வர் பிரித்துச் சொல்லாது. சொன்னால் எந்தெந்தப் பெயர்கள் உள்ளே இருக்கின்றன என்று கண்டவனும் தெரிந்துகொள்வானே.

பெயர் சரியாக இருந்தால் அடுத்தது கீ ஃபைல். மற்றவர்களும் படிக்கக்கூடிய நிலையில் அது இருந்தால் உங்கள் பக்கத்து எஸ்எஸ்எச்சே அதைத் தொடாது, எச்சரித்துவிட்டு ஒதுக்கிவிடும். சிஎச்மாட் 600 போடுங்கள், உங்களைத் தவிர யாரும் அதைப் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி ஆக்கும் கட்டளை அது. விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) வைத்திருந்தால், சி டிரைவில் கிடக்கும் ஃபைலுக்கு சிஎச்மாட் வழக்கமாக ஒட்டாது, ஹோம் டைரக்டரிக்கு நகலெடுத்துவிட்டுப் போடுங்கள். சர்வரில் இருக்க வேண்டிய, 'பப்' (.pub) என்று முடியும் பப்ளிக் கீ ஃபைலைக் கொடுத்துவிட்டு முழிப்பவர்களும் உண்டு.

இதற்கும் மசியவில்லையென்றால் எஸ்எஸ்எச் கட்டளையில் மைனஸ் வி (-v, நடப்பதை விரிவாகச் சொல்லும்) சேர்த்து ஓட்டுங்கள். கொட்டுகிற வரிகளில் 'ஆஃபரிங் பப்ளிக் கீ' என்பதைத் தேடுங்கள். அதில் உங்கள் ஃபைலின் பெயர் இல்லையென்றால் சர்வர் அந்தச் சாவியைப் பார்க்கவே இல்லை, மைனஸ் ஐ (-i) போட்டு கீ ஃபைலின் முழுப் பாதையையும் கொடுங்கள். பெயர் இருந்தும் மறுத்தால் அந்த யூசரின் 'ஆத்தரைஸ்டு கீஸ்' ஃபைலில் (அனுமதித்த சாவிகளின் பட்டியலில்) உங்கள் பப்ளிக் கீ ஏறவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், கிளவுடின் கன்சோல் (பிரவுசரில் திறக்கும் நிர்வாகப் பக்கம்) வழியாக உள்ளே போய்ச் சேர்த்துவிடலாம்.

அப்புறம், உள்ளே நுழைந்த குஷியில் எஸ்எஸ்எச் கான்ஃபிகில் (அதன் அமைப்பு ஃபைலில்) கை வைத்தால், ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினல் ஜன்னலை மூடாமல் இன்னொன்றில் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.