மல்லாட்டைத் துரு நோய்க்குப் பழைய ஹெர்பேரியம் பதிவை எப்படிப் படிப்பது?

பண்ருட்டிப் பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை) இலைக்கு அடியில் வரும் செம்பழுப்புப் பொட்டு முன்பே பதிவாகியிருக்கிறதா, ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடத்தில், மாதிரியோடு இருக்கும் சீட்டில் உள்ள ரோமன் எண் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பொட்டு பெரும்பாலும் பக்ஸீனியா அராக்கிடிஸ் என்ற துருப் பூஞ்சை. பராகுவேயில் எடுத்த மாதிரியை வைத்து 1884இல் ஸ்பெகாஸினி பெயரிட்டார். ஹெர்பேரியத்தில் இதை நோயுற்ற இலையோடு உலர்த்தி, மடித்த காகிதப் பொட்டலத்தில் வைப்பார்கள். மேலே பூஞ்சையின் பெயர், எந்தச் செடி, ஊர், தேதி, எடுத்தவர் பெயர் எல்லாம் இருக்கும். இதில் செடியின் பெயர்தான் உயிர். அது இல்லாத துரு மாதிரியை நான் பாதிப் பதிவு என்றுதான் சொல்வேன்.

ரோமன் எண் பூஞ்சையின் வித்துப் பருவத்தைக் குறிக்கும் (வித்து என்பது பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய தூள்). மல்லாட்டையில் அனேகமாக II என்ற எண்தான் இருக்கும், அதாவது காற்றில் பரவும் கோடை வித்து. மூன்றாம் பருவ (III) வித்து அபூர்வம். அது எழுதியிருந்தால் மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

அப்புறம் ஊர்ப்பெயர். 'கடலூர் மாவட்டம்' என்று மட்டும் தேடினால் பழைய சீட்டுகள் தப்பிவிடும். 1993 வரை இதெல்லாம் தென்னாற்காடு. ஆனால் தென்னாற்காடு என்றிருப்பதெல்லாம் கடலூரும் ஆகாது, விழுப்புரமாகவும் இருக்கலாம். கிராமத்தின் பெயரைப் பாருங்கள்.

நீங்களே மாதிரி எடுத்தால் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து, தாளைத் தினமும் மாற்றுங்கள். நம் கடற்கரை ஈரத்தில் விட்டால் துருவின் மேலேயே வேறு பூசணம் ஏறிவிடும்!